வரி வழக்கில் யார் பேசலாம்?



பெருமாட்டிக்காரர்களுக்குக் கோர்ட் புதிது இல்லை. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஒரு முடிவு எடுத்தது. பிளாச்சிமடையில் இருந்த குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. ஆலை எடுக்கும் நிலத்தடி நீர்தான் பிரச்சினை. விவகாரம் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16 அன்று ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். நிலத்தடி நீர் மக்களுடைய சொத்து, அதைக் காப்பது அரசின் கடமை என்றார். 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அது பெரிய கதை.

இங்கே ஒரு கேள்வி மட்டும். அந்த வழக்கில் பஞ்சாயத்துக்காகக் கோர்ட்டில் பேசியது யார்? வக்கீல்தான். பஞ்சாயத்து என்பது ஓர் அமைப்பு. அதற்குத் தனியாக வாய் இல்லை. வக்கீலின் வாயால் அது பேசியது.

ஆனால் தனி மனிதருக்கு வாய் உண்டு. அவருக்கு வரி கேட்டு ஒரு நோட்டீஸ் வருகிறது. அது தவறு என்று அவர் நினைக்கிறார். அவரே போய்ச் சொல்லலாமா? வேறு ஒருவரை அனுப்பலாமா? யாரை அனுப்பலாம்? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

எல்லோரும் வரி கட்டுகிறார்கள்

வரி என்றால் பணக்காரர் சமாசாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரை ஏக்கர் நிலம் இருந்தாலும் வில்லேஜ் ஆபீசில் கரம் கட்ட வேண்டும். வீடு இருந்தால் பஞ்சாயத்தில் வீட்டு வரி. கடை வைத்துப் பெரிய அளவில் வியாபாரம் செய்தால் ஜி.எஸ்.டி. என்கிற சரக்கு மற்றும் சேவை வரி. வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் வருமான வரி.

வரி கேட்கிற அதிகாரியும் மனிதர்தான். கணக்குத் தவறலாம். பெயர் மாறிப் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு வரிச் சட்டத்திலும் எதிர்த்துச் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள்.

ஓர் அக்காவின் கடை

ஓர் உதாரணம் பார்ப்போம். வண்டித்தாவளத்தில் ஓர் அக்கா மளிகைக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது. ஒரு நாள் நோட்டீஸ் வருகிறது. கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக் கட்டிவிட்டீர்கள், பதில் சொல்லுங்கள் என்று அதில் இருக்கிறது.

அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. அப்போது டவுனிலிருந்து ஒருவர் வருகிறார். கையில் தோல் பை. சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அக்கா, நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். இந்த வெள்ளைத் தாள்ல ரெண்டு கையெழுத்துப் போடுங்க. ஆபீசா இருந்தாலும் சரி, கோர்ட்டா இருந்தாலும் சரி, நான் பேசி முடிச்சுத் தர்றேன். மூவாயிரம் ரூபா ஆகும்."

அக்கா என்ன செய்ய வேண்டும்? கையெழுத்துப் போடும் முன்பு நான்கு பேரைப் பற்றி அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஆள்: அவரேதான்

அக்காவுக்காகப் பேச முதல் உரிமை அக்காவுக்குத்தான். வரி ஆபீசிலும் அவரே பேசலாம். மேல்முறையீட்டிலும் அவரே பேசலாம். கோர்ட்டிலும் தன் வழக்கைத் தானே சொல்ல அவர் அனுமதி கேட்கலாம். இதற்குப் பட்டம் வேண்டாம். கறுப்புக் கோட்டு வேண்டாம்.

சில நேரம் அவரேதான் போக வேண்டும். சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல அதிகாரி கூப்பிட்டால் வேறு ஆளை அனுப்ப முடியாது.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கும். அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அங்கே தனியாக வாதாடுவது சுலபம் இல்லை.

இரண்டாம் ஆள்: மகன்

அக்காவின் மகன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர். கடைக் கணக்கை எழுதுபவர் அவர்தான். அவர் ஆபீசுக்குப் போய்ப் பேசலாமா?

பேசலாம். 2017ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 116ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. வரி கட்டுபவரின் உறவினர் அவருக்காகப் பேசலாம். அவரிடம் நிரந்தரமாக வேலை செய்பவரும் பேசலாம். "எனக்காக இவர் பேசுவார்" என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். மகனுக்குப் பட்டம் தேவையில்லை.

வருமான வரியிலும் இப்படித்தான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 288ஆம் பிரிவு இதைச் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதிலும் இந்த வழி தொடர்கிறது. வருமான வரியில் இன்னொரு விசேஷமும் உண்டு. கணக்கு வைத்திருக்கும் வங்கியின் அதிகாரி கூட வரி கட்டுபவருக்காகப் பேசலாம்.

மூன்றாம் ஆள்: ஆடிட்டர்

சி.ஏ. படித்துத் தேறிய ஆடிட்டர் பேசலாம். வக்கீலும் பேசலாம். ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்ற பிராக்டிஷனர் என்று ஒருவர் உண்டு. அவரும் பேசலாம். வரி இலாகாவில் கெசட்டட் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரியும் பேசலாம். ஆனால் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். நேற்று வரை நாற்காலியில் இருந்தவர் இன்று அதே ஆபீசில் வந்து சலுகை கேட்கக் கூடாது அல்லவா?

சிலருக்குத் தடையும் உண்டு. அரசு வேலையிலிருந்து டிஸ்மிஸ் ஆனவர் பேச முடியாது. வரி சம்பந்தமான குற்றத்தில் தண்டனை பெற்றவரும் பேச முடியாது.

இவர்கள் எல்லாம் எது வரை போகலாம்? மூன்று படி வரை போகலாம். முதல் படி, வரி அதிகாரி. இரண்டாம் படி, மேல்முறையீட்டு அதிகாரி. மூன்றாம் படி, தீர்ப்பாயம். வருமான வரிக்கு 1941 முதல் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் தில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது.

நான்காம் படி உயர் நீதிமன்றம். ஐந்தாம் படி உச்ச நீதிமன்றம். மகனும் ஆடிட்டரும் மூன்றாம் படியோடு நிற்க வேண்டும்.

நான்காம் ஆள்: வக்கீல்

கோர்ட்டில் பிறருக்காக வாதாடும் உரிமை வக்கீலுக்கு மட்டும்தான். 1961ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உரிமை இல்லாமல் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

உடனே ஒரு கேள்வி வரும். வரிக் கணக்கு ஆடிட்டருக்குத்தானே நன்றாகத் தெரியும்? அவரைக் கோர்ட்டில் பேச விட்டால் என்ன?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வரி வழக்குக்கு என்று தனி கோர்ட் இருக்கிறது. வக்கீல் அல்லாதவரும் அந்தக் கோர்ட் வைக்கும் பரீட்சையில் தேறினால் அங்கே வாதாடலாம்.

இந்தியாவிலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. 2005இல் நாடாளுமன்றம் தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டத்தை இயற்றியது. உயர் நீதிமன்றங்கள் கேட்டு வந்த வரி வழக்குகளை இனி இந்தத் தீர்ப்பாயம் கேட்கும் என்றது. அங்கே வரி கட்டுபவர் தானே பேசலாம். அல்லது வக்கீலையோ ஆடிட்டரையோ வைத்துக்கொள்ளலாம் என்று 13ஆம் பிரிவில் எழுதியிருந்தது.

சென்னை வக்கீல்கள் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். அதே சமயம் கம்பெனி செகரட்டரிகளும் தங்களுக்கும் அங்கே வாதாட உரிமை வேண்டும் என்று கேட்டார்கள்.

2014 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பாயச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிபதிகள் ரத்து செய்தார்கள். ஆடிட்டர் அங்கே வாதாடலாம் என்ற ஏற்பாட்டையும் ஏற்கவில்லை. கம்பெனி செகரட்டரிகளின் கோரிக்கையையும் ஏற்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார்கள்?

கீழே உள்ள படிகளில் பெரும்பாலும் கணக்குத்தான் பேச்சு. எவ்வளவு விற்றது? எவ்வளவு லாபம்? எவ்வளவு கட்டினார்? அதற்குக் கணக்குத் தெரிந்தவர் போதும்.

மேலே போகப் போகக் கேள்வி மாறிவிடும். அங்கே முக்கியமான சட்டக் கேள்வி மட்டும்தான் வரும்.

ஓர் உதாரணம். ஒரு தென்னந்தோப்பு. தகப்பனார் இறந்துவிட்டார். உயில் இல்லை. இரண்டு மகன், ஒரு மகள். தோப்பை ஒருவர் விற்கிறார். விற்ற பணத்துக்கு வரி யார் கட்ட வேண்டும்? தோப்பு யாருடையது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதற்கு வாரிசுச் சட்டம் தெரிய வேண்டும். சொத்து மாற்றச் சட்டம் தெரிய வேண்டும். பங்கு வியாபாரம் என்றால் கூட்டுத் தொழில் சட்டம் தெரிய வேண்டும். வரிக் கேள்விக்குள் இத்தனை சட்டம் ஒளிந்திருக்கிறது. கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இதனால்தான் நீதிபதிகள் அப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்.

இது ஆடிட்டருக்குக் குறைவு இல்லை. கண் டாக்டரிடம் பல் பிடுங்கப் போக மாட்டோம். அதுபோலத்தான்.

பவர் பத்திரம் இருந்தால் பேசலாமா?

"என்கிட்ட பவர் பத்திரம் இருக்கு. அதனால கோர்ட்ல நானே வாதாடலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியா?

சரி இல்லை. கேரளத்திலேயே இப்படி ஒரு வழக்கு நடந்தது. வெளிநாட்டில் இருந்த ஒரு தம்பதியின் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் திருவனந்தபுரம் செஷன்ஸ் கோர்ட்டில் அவர்களுக்காகப் பேச வந்தார். அவர் வக்கீல் இல்லை. கோர்ட் அனுமதிக்கவில்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999இல் தீர்ப்பு வந்தது. பவர் பத்திரம் இருப்பதால் மட்டும் கோர்ட்டில் வாதாடும் உரிமை வராது என்றது தீர்ப்பு. நிலம் விற்க, வாங்க, வாடகை வசூலிக்க அந்தப் பத்திரம் உதவலாம். வாதாட உதவாது.

அப்படியானால் வக்கீல் அல்லாதவர் கோர்ட்டில் பேசவே முடியாதா? ஒரு சிறிய வாசல் இருக்கிறது. வக்கீல்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவுதான் அந்த வாசல். ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் ஒருவரைப் பேச அனுமதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

இந்த வாசலைப் பற்றித் தெளிவாகச் சொன்னவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். 1978இல் ஒருவர் அவர் முன் வந்தார். தன் வழக்கைத் தன்னால் சொல்ல முடியவில்லை, தன் நண்பர் சொல்லட்டும் என்று கேட்டார். நண்பர் வக்கீல் இல்லை. கிருஷ்ணய்யர் யோசித்தார். வக்கீல் அல்லாதவர் உரிமையோடு உள்ளே நுழைய முடியாது என்றார். வழக்குக்காரரே முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும் என்றார். நண்பர் எப்படிப்பட்டவர், ஏன் வருகிறார் என்று கோர்ட் பார்க்க வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் பாதியிலும் நிறுத்தலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த நண்பர் பேச அவர் அனுமதி கொடுத்தார்.

வாசல் இருக்கிறது. ஆனால் சாவி நீதிபதியின் கையில் இருக்கிறது. தோல் பைக்காரரின் கையில் இல்லை.

காசு இல்லை என்றால்?

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் நீதி இல்லையா? அப்படி இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு சொல்கிறது. இதற்காக 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9 முதல் அது நடப்பில் இருக்கிறது.

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும்? பெண்களுக்குக் கிடைக்கும். குழந்தைகளுக்குக் கிடைக்கும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குக் கிடைக்கும். மாற்றுத் திறனாளிகளுக்குக் கிடைக்கும். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும். வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் கிடைக்கும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. வழக்கில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் போதும்.

இந்தச் சட்டத்தில் கோர்ட் என்ற சொல் தீர்ப்பாயத்தையும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. அதனால் மளிகைக் கடை அக்காவும் கேட்கலாம். சித்தூரில் தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பாலக்காட்டில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மனு தமிழில் எழுதலாமா?

எல்லைப் பகுதியில் இது முக்கியமான கேள்வி. நோட்டீஸ் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும். வீட்டில் பேச்சுத் தமிழ். எழுதப் படித்ததும் தமிழ்.

அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு இதற்கும் பதில் சொல்கிறது. ஒன்றிய அரசிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையை எழுதிக் கொடுக்கலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. "மொழி தெரியாது" என்பதற்காக யாரும் தரகரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

நாள் தவறினால் நஷ்டம்

யார் பேசுவது என்பதோடு, எப்போது பேசுவது என்பதும் முக்கியம். ஜி.எஸ்.டி.யில் அதிகாரி உத்தரவு போட்டால், அது கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகராறில் இருக்கும் வரியில் 10 சதவீதம் முன்பணமாகக் கட்ட வேண்டும். வரி 20,000 ரூபாய் என்றால் 2,000 ரூபாய்.

ஜி.எஸ்.டி. நோட்டீஸ் தபாலில்தான் வரும் என்று இல்லை. கம்ப்யூட்டரில் கடையின் கணக்குக்குள் வந்து கிடக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். மாதம் இரண்டு முறையாவது மகனோ ஆடிட்டரோ திறந்து பார்க்க வேண்டும்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் போனவர் மூன்று மாதம் கழித்து வந்து "கேஸ் போச்சு" என்பார். அப்போது அக்காவின் கையில் நோட்டீசும் இருக்காது. நாளும் இருக்காது. மூவாயிரம் ரூபாயும் இருக்காது.

இப்படிப்பட்ட தரகர்களைப் பிடிக்கவும் வழி வந்திருக்கிறது. வக்கீல்கள் சட்டத்தில் 2023இல் ஒரு திருத்தம் செய்தார்கள். 2024 செப்டம்பர் 30 முதல் அது நடப்பில் இருக்கிறது. வழக்குப் பிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கும் தரகர்களின் பட்டியலை மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் வெளியிடலாம். பட்டியலில் பெயர் வந்த பிறகும் அதே தொழில் செய்தால் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

கையெழுத்துப் போடும் முன்

வக்கீலிடம் வழக்கைக் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வக்காலத்து என்று பெயர். வக்கீலின் பெயர், வழக்கின் விவரம் எல்லாம் எழுதிய பிறகே அதில் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலின் பதிவு எண்ணைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். நோட்டீசின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

மறக்காமல் இருக்கச் சுருக்கமாக:

தன் வரி வழக்கைத் தானே சொல்லலாம்.

வரி ஆபீசிலும் தீர்ப்பாயத்திலும் உறவினர், வேலைக்காரர், ஆடிட்டர், வக்கீல் பேசலாம்.

கோர்ட்டில் பிறருக்காக வாதாட வக்கீல் வேண்டும். மற்றவர் பேச நீதிபதியின் அனுமதி வேண்டும்.

பவர் பத்திரம் வக்கீல் ஆக்காது.

பணம் இல்லாதவர் இலவச வக்கீல் கேட்கலாம்.

வெள்ளைத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

ஒரு காலத்தில் இந்த ஊர்களில் பலர் கைநாட்டு வைத்தார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று எழுத்துக் கற்றிருக்கிறீர்கள். கையெழுத்து என்பது பேனாவால் போடும் கோடு மட்டும் இல்லை. "எனக்காக இவர் பேசட்டும்" என்று கொடுக்கும் அதிகாரம் அது. படித்துப் பார்த்துவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, சரியான ஆளுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.